ஒன்பதாம் இலக்கக் கோப்பு

உயில் இரண்டே பக்கம். ரதீசன் அதை மூன்று தடவை வாசித்திருந்தான். அவன் கண்ணில் படாததை வழக்கறிஞர் லக்ஷ்மிப்ரியா கையில் வாங்கியவுடனே பிடித்துவிட்டாள்.

“‘என்னோடு வாழும் கலாவதிக்கு’ன்னு எழுதியிருக்கார் உங்க அண்ணன். மனைவின்னு ஒரு இடத்துலகூட போடல. ஏன் சார்?”

“அண்ணை அப்பிடித்தான். சுத்தி வளைச்சுத்தான் எழுதுவார்.”

சொல்லும்போதே அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. யோகலிங்கம் வாழ்நாளில் ஒரு வரியையும் சுற்றி வளைத்து எழுதியவரில்லை. பஸ் டிப்போ ஒன்றில் இருபத்தாறு வருஷம் சாரதிகளுக்கு ஷிப்ட் பட்டியல் போட்டவர். யார், எத்தனை மணிக்கு, எந்த வண்டி. அதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அவருக்குப் பொறுக்காது. போன ஒக்டோபரில், வேலைக்குப் போக உடுத்துக்கொண்டு நின்றவர், மாரடைப்பில் அப்படியே படியில் உட்கார்ந்தார். எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்பி ரதீசனுக்கு எழுதி வைத்திருந்தார்.

லக்ஷ்மிப்ரியா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள். இடது பக்கத்தில் ‘வரி உண்டு’ என்றும் வலது பக்கத்தில் ‘விலக்கு’ என்றும் எழுதினாள். மதுரைப் பக்கத்துப் பெண். எதையும் தாளில் போட்டுக் காட்டினால்தான் அவளுக்குத் திருப்தி.

“வீடு அஞ்சு லட்சத்து எழுபதாயிரம் பவுண்டு. பேங்க்ல அம்பத்தஞ்சாயிரம். இது புருஷன்கிட்டேர்ந்து பொண்டாட்டிக்குப் போகுதுன்னா முழுசும் இந்த வலது பக்கம். ஒரு பென்னி வரி கிடையாது. பொண்டாட்டி இல்லைன்னா மூணேகால் லட்சத்தைக் கழிச்சுட்டு, மிச்சத்துக்கு நாப்பது பர்சன்ட். ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டணும்.”

“அவ மனிசிதான். முருகன் கோயிலிலை தாலி கட்டினவர். நான் பக்கத்திலை நிண்டனான்.”

“கோயில்ல கட்டினது கோயிலுக்குத்தான் சார். கவர்மென்ட்டுக்குப் பதிவு வேணும். சர்டிபிகேட்டைக் கொண்டு வாங்க, வேலை முடிஞ்சுது.”

பிறகு வங்கிக் கணக்கின் பக்கங்களைப் புரட்டினாள். கவுன்சில் வரி, கரண்ட், இன்சூரன்ஸ், தண்ணீர். ஒரு வரியில் பேனாவை ஊன்றினாள்.

“கடைசி ஏழு வருஷத்துல யாருக்காவது பணம் கொடுத்திருந்தா அதையும் காட்டணும். மாசாமாசம் ஒண்ணாந்தேதி நூத்திருபது பவுண்டு, கோப்பாய்ல ஒரு பேங்குக்கு. குணவதின்னு ஒரு பேர். யாரு இவங்க?”

யாழ்ப்பாணத்தில் தங்கள் சொந்தம் எந்த வேலியில் தொடங்கி எந்த வேலியில் முடிகிறது என்று ரதீசனுக்கு மனப்பாடம். அதில் குணவதி என்று யாரும் இல்லை. கோப்பாயில் அவர்களுக்கு ஒரு பனைகூட இல்லை.

“விசாரிச்சுச் சொல்லுறன்,” என்றான்.

ரதீசன் லண்டன் விம்பிள்டனில் கார் பழக்குகிறவன். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் கையையும் காலையும் பார்த்துப் பார்த்து, அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாய் சொல்வதை நம்பமாட்டான். கை எங்கே போகிறது என்று பார்ப்பான். ‘கண்ணாடி பாத்தனான் சேர்’ என்று சொல்லுகிறவன்தான் பாராமல் திருப்புகிறவன்.

வீட்டில் சுவர்ணா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். கணவன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவிக்கிற பானையை மூடினாள்.

“இஞ்சேருங்கோ, அவையின்ரை எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து ஆர் வைச்சது?”

இருபத்து நான்கு வருஷமாக ரதீசனின் நெஞ்சுக்குள் கிடந்த முள் அது. ஊரிலே கல்யாணப் பதிவை எழுத்து என்பார்கள். தாலி எத்தனை பேர் பார்க்கக் கட்டினாலும் எழுத்தில் கையெழுத்து வைக்கிறவர்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவன் மாப்பிள்ளையின் தம்பியாக இருப்பது முறை. ஆர்ச்வே முருகன் கோயிலில் தாலி கட்டு முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் எழுத்து எப்போது என்று அவன் கேட்டான். ‘அது கவுன்சில் கந்தோரிலை முடிச்சாச்சு’ என்று அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தன்னை விட்டுவிட்டு வேலைத்தலத்து ஆட்கள் யாரையோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று ரதீசன் நினைத்துக்கொண்டான். மூன்று மாதம் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

“கவுன்சிலிலை முடிச்சவை எண்டால் பதிவுத் துண்டு இருக்கும்தானே,” என்றாள் சுவர்ணா. “உங்கட அண்ணை கேத்தில் வாங்கின பில்லையும் எறியாத மனுசன்.”

“பாப்பம்.”

“அதோட அந்தக் குணவதி. அண்ணி ஊரிலை ஆரையோ வைச்சுத் தாபரிக்கிறா. உங்கட அண்ணை பாவம், கேட்ட உடனே குடுக்கிற சாதி.”

“அண்ணையோ? அண்ணையிட்டை ஒரு பவுண் வாங்கிறதெண்டால் மூண்டு விண்ணப்பம் குடுக்கோணும்.”

“எங்களுக்குத்தான் விண்ணப்பம்,” என்றாள் சுவர்ணா.

மனோர் பார்க்கில் அண்ணன் வீட்டின் முன்னறைத் தட்டு ஒன்றில் யோகலிங்கத்தின் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இலக்கம். ஒன்றில் வீடு, இரண்டில் வேலை, மூன்றில் கார், நான்கில் கோயில். இப்படிப் பதினான்கு. அட்டவணை ஒன்றைத் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். ரதீசன் சனிக்கிழமை காலை வந்து ஒவ்வொன்றாக இறக்கினான். நாலாம் கோப்பில் கல்யாணத்துக்குக் கோயிலில் காசு கட்டிய ரசீது இருந்தது. மண்டபம், ஐயர், மேளம், இருநூறு பேருக்குச் சாப்பாடு. பதிவுத் துண்டு மட்டும் இல்லை.

எட்டுக்குப் பிறகு பத்து வந்தது.

அட்டவணையைப் பார்த்தான். மற்ற எல்லா இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது. ஒன்பதுக்குப் பக்கத்தில் ‘க’ என்று மட்டும் இருந்தது. தட்டில் எட்டுக்கும் பத்துக்கும் நடுவே, ஒரு கோப்பின் அகலத்துக்கு, தூசி இல்லாமல் பலகை துலங்கியது. எடுத்து அதிக நாள் ஆகவில்லை.

கலாவதி தேத்தண்ணியோடு வந்தாள். ஐம்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் மத்தியான வேலை செய்கிறவள். அண்ணன் செத்த அன்றுகூடச் சத்தம் போட்டு அழாதவள். அதையும் சுவர்ணா அப்போதே ஒரு கணக்கில் எழுதி வைத்திருந்தாள்.

“அண்ணி, ஒன்பதாம் பைல் எங்கை?”

“ஒன்பதோ? எனக்குத் தெரியாது தம்பி. உதெல்லாம் அவர்தான் பாத்தவர்.”

தேநீர்க் கோப்பை சாய்ந்து, சாசருக்குள் கொஞ்சம் ஊற்றுப்பட்டது. அவள் அதைத் துடைக்கவில்லை. ரதீசன் அந்தக் கையைப் பார்த்தான்.

“உங்கட எழுத்து எந்த இடத்திலை நடந்தது? கவுன்சில் கந்தோரிலை ஒரு பிரதி எடுக்கலாம்.”

“அவருக்குத்தான் தெரியும்.”

“நீங்களும் கையெழுத்து வைச்சிருப்பியள்தானே.”

“இருபத்து நாலு வருசம் தம்பி. நினைவில்லை.”

“குணவதி எண்டால் ஆர்?”

அவள் சாசரைக் கையில் எடுத்தாள். “ரீ ஆறுது, குடியுங்கோ,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்தது. நெடுநேரம் ஓடியது.

ரயிலில் திரும்பும்போது அவனுக்குள் கணக்கு ஓடியது. அண்ணிக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. ஒரு பிள்ளைகூட இருக்கலாம். அந்தக் குணவதியே அவளுடைய மகளாக இருக்கலாம். அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணன் காசிலேயே வளர்த்திருக்கிறாள். எழுத்து எழுதினால் பழசு வெளிப்பட்டுவிடும் என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒன்பதாம் கோப்பில் அண்ணன் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். உயிலில் மனைவி என்று போடாததும் அதனால்தான். லிவர்பூல் ஸ்ட்ரீட் வருவதற்குள் எல்லாம் பொருந்திவிட்டது. இவ்வளவு சுலபமாகப் பொருந்தியதுதான் அவனுக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்குப் பேசினான். அக்காவின் மகன் விதுசன் அங்கே வங்கியில் வேலை. கோப்பாய்க்குப் போய் விசாரித்துச் சொல்லும்படி கேட்டான். மூன்றாம் நாள், ரதீசன் பாடம் ஒன்று முடித்துக் காரை ஓரங்கட்டி நிற்கும்போது, விதுசன் அழைத்தான்.

“மாமா, குணவதிக்கு எண்பத்து நாலு வயது.”

“எண்பத்து நாலோ? வடிவா விசாரிச்சனியோ?”

“வீட்டுக்கே போனனான். பிளேன் ரீயும் பனங்கட்டியும் தந்தவ. மகன் ஒராள்தானாம், புவனேசன் எண்டு. தொண்ணூற்றாறிலை வேலைக்குச் சைக்கிளிலை போனவன், சோதனைச் சாவடியிலை ஆமி மறிச்சு இறக்கினதாம். அதோட சரி. ஆள் இல்லை, சைக்கிளும் இல்லை.”

“காசு அனுப்புறது ஆர் எண்டு கேட்டனியோ?”

“ஓம். மருமகளாம். மகன்ரை மனிசி. லண்டனிலை இருக்கிறாவாம், கலாவதி எண்டு.”

ரதீசன் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“மாமா, இருக்கிறியளோ? இன்னொண்டு. வாக்காளர் பட்டியல் எழுத வரேக்கை ஒவ்வொரு வருசமும் கிழவி மகன்ரை பேரையும் குடுக்கிறாவாம். ‘அம்மா, வெட்டட்டோ’ எண்டு கேட்டால், ‘செத்ததெண்டு ஆர் சொன்னது, மருமகளே சொல்லேல்லை, நீர் ஆர்’ எண்டு ஏசுறாவாம். கிராம சேவகர் எனக்குச் சொல்லிச் சிரிச்சவர்.”

ரதீசன் சிரிக்கவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த இரண்டு பாடங்களையும் தள்ளிப்போட்டுவிட்டு, அதே காரில், கூரையில் L பலகையோடு மனோர் பார்க் போனான். பொருந்தியதெல்லாம் பாதி சரியாக இருந்தது. அதுவே அவனுக்குக் கோபத்தைக் கூட்டியது.

கலாவதி அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

“அண்ணி, புவனேசன் ஆர்?”

அவள் கதவைச் சாத்தினாள். கோட்டைக் கழற்றிக் கொளுவினாள். கதிரையில் இருந்தாள்.

“என்ரை மனுசன்.”

“அப்ப என்ரை அண்ணை?”

“அவரும்தான்.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“கலியாணம் பேசின அண்டைக்கே சொன்னனான். உங்கட அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டது அவர்.”

“எங்களை எல்லாரையும் ஏமாத்திப்போட்டியள்.”

“ஓம்,” என்றாள் கலாவதி. மறுப்பாள் என்றுதான் அவன் ஆயத்தமாக வந்திருந்தான்.

“ஒன்பதாம் பைலைத் தாங்கோ.”

அவள் மாடிக்குப் போய் அதைக் கொண்டுவந்தாள். அரிசிப் பெட்டிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ ஒளித்திருப்பாள் என்று நினைத்தான். தலையணைக்குப் பக்கத்திலேதான் வைத்திருந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்த தலையணை உறைக்குள், கோப்போடு மடித்துப் போட்டிருந்த தோடம்பழ நிறக் குளியல் துவாய் அண்ணனுடையது.

கோப்பின் முதல் தாள், இலங்கையில் மரணம் பதிவதற்கான விண்ணப்பம். காணாமல் போனவர்களுக்காக அரசாங்கம் விட்டது. இறந்தவர் பெயர்: புவனேசன். விண்ணப்பிப்பவர்: கலாவதி, மனைவி. கடைசியாகக் கண்ட தேதி, இடம், உடுத்தியிருந்த உடுப்பு எல்லாம் அண்ணனின் நிமிர்ந்த எழுத்தில் நிரப்பியிருந்தது. கீழே கையெழுத்துக்கான கோட்டில் ஒன்றும் இல்லை. அடுத்ததும் அதே விண்ணப்பம், வேறு ஆண்டு. இரண்டாயிரத்து மூன்று, ஒன்பது, பதினாறு, இருபத்தொன்று. நான்கு விண்ணப்பம். நான்கு வெறுங்கோடு.

“முதல் கலியாணம் இருக்கேக்கை ரெண்டாவதைக் கவுன்சிலிலை எழுத ஏலாது தம்பி. செத்ததுக்கு ஒரு துண்டு வேணும். அந்தத் துண்டுக்கு நான் கையெழுத்து வைக்கோணும். வைச்சால் கோப்பாயிலை அந்தப் பேரை வெட்டுவினம். மாமி கேப்பா, ஆர் சொன்னதெண்டு. கலாவதி சொன்னவ எண்டு சொல்லுவினம்.”

“இருபத்தொன்பது வருசம் அண்ணி. அவர் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“எனக்குத் தெரியும்,” என்றாள். “தெரியுறது வேறை. எழுதிக் குடுக்கிறது வேறை.”

“அண்ணை ஒண்டும் கேக்கேல்லையோ?”

“ஒவ்வொரு முறையும் நிரப்பி, பேனையையும் பக்கத்திலை வைச்சிட்டு, வேலைக்குப் போயிடுவார். பின்னேரம் வந்து பாப்பார். ஒண்டும் சொல்லமாட்டார். துளை போட்டு பைலிலை கொளுவிட்டு, ‘சோறு போடு’ எண்டுவார்.”

“அப்ப ஏன் எனக்கு ஒளிச்சியள்?”

“நீங்களும் பேனை தருவியள் எண்டு பயம். நீங்கள் வைச்சிட்டு வேலைக்குப் போற ஆளில்லை. நிண்டு பாக்கிற ஆள்.”

அது உண்மை. அவனுடைய சட்டைப்பையில் அப்போதும் ஒரு பேனா இருந்தது. இப்போது கையெழுத்து வைத்தாலும் பிரயோசனம் இல்லை என்பதும், செத்தவருக்குப் பின்தேதியில் எழுத்து எழுத முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். என்றாலும் அவன் கோபம் அடங்கவில்லை. நான்கு பின்னேரம் அண்ணன் வந்து அந்த வெறுங்கோட்டைப் பார்த்திருக்கிறார். வேறொருவனின் பெயருக்காக. அதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று இந்தப் பதினான்கு கோப்பிலும் ஒரு வரி இல்லை.

“இதாலை வீடு போகப்போகுது. விளங்குதோ உங்களுக்கு? ஒரு லட்சத்து இருபதாயிரம்.”

“போகட்டும். அறை எடுத்து இருக்கலாம். நான் வரேக்கை வீட்டோடயோ வந்தனான்?”

ரதீசன் மிச்சத் தாள்களைப் புரட்டினான். விண்ணப்பங்களுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் தடித்த கட்டு ஒன்று இருந்தது. கலாவதி அதுவரைக்கும் போயிருக்கவில்லை. ஒரு ஆயுள் காப்புறுதி. இரண்டாயிரத்துப் பதினாறில் எடுத்தது. மாதம் நூற்று நாற்பத்தொரு பவுண். வங்கிக் கணக்கில் இன்சூரன்ஸ் என்று பார்த்து, வீட்டுக்காக்கும் என்று அவனும் லக்ஷ்மிப்ரியாவும் தாண்டிப் போன வரி. யோகலிங்கம் இறந்தால் ஒரு லட்சம் பவுண். அது அவருடைய சொத்தில் சேராமல், ஒரு பொறுப்பாளரின் கையில் வந்து, கலாவதிக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கட்டியிருந்தது.

ஓரத்தில் பென்சிலால் தமிழில் இரண்டு வரி.

‘எலிசபெத் லைன் ரயில் வந்தால் வீடு ஆறு லட்சத்துக்குக் கிட்டப் போகும். வரி ஒரு லட்சம் வரும். இது போதும். அவளைக் கேட்கத் தேவையில்லை.’

கடைசித் தாளில் பொறுப்பாளரின் கையெழுத்து இருந்தது. ரதீசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடையது.

ஒன்பது வருஷத்துக்கு முன், இதே வாசலில், பாடத்துக்கு வந்த பிள்ளை ஸ்டியரிங்கில் காத்திருக்க, அண்ணன் தாளைக் கார் பொனற்றின் மேல் விரித்தார். ‘இதிலை ஒண்டு வை.’ ‘என்னண்ணை இது?’ ‘வையெண்டால் வையன்.’ வைத்தான். கூடப்பிறந்தவர் நீட்டிய தாளை வாசித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று வளர்ந்த குடும்பம். எழுத்துக்குக் கூப்பிடவில்லை என்று அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலமெல்லாம் போய், அண்ணன் அவனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவன்தான் எதற்கென்று பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இருவரும் லக்ஷ்மிப்ரியாவிடம் போனார்கள். அவள் பழைய தாளையே எடுத்து, கோட்டுக்கு இரு பக்கமும் நிரப்பத் தொடங்கினாள்.

“குணவதியம்மாவுக்குப் போன பணம் விலக்கு. சம்பளத்துல மிஞ்சினதிலேர்ந்து, ஒழுங்கா, மாசம் தவறாம கொடுத்திருக்கார். அண்ணன் எல்லாத்துக்கும் ரசீது வெச்சிருக்கிறது பெரிய உபகாரம். இன்சூரன்ஸ் சொத்துலயே சேராது. வீடும் பேங்கும்…” கலாவதியை ஒரு தடவை பார்த்துவிட்டு இடது பக்கத்தில் எழுதினாள். “வரி உண்டு.”

“அப்ப அந்தத் தாய்க்குப் போனது சரி. இவவுக்குப் போறது சரியில்லை,” என்றான் ரதீசன்.

“சட்டம் அப்படித்தான் சார் பார்க்குது.”

இன்சூரன்ஸ் ஒரு லட்சம். வங்கியிலிருந்து இருபதாயிரம். வீடு நிற்கும். கலாவதி அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். ஒக்டோபரோடு நின்றுபோன கோப்பாய்க் காசைத் தன் சம்பளத்திலிருந்து இரண்டு மாதம் அனுப்பியிருப்பதாகவும், அதையும் எங்கேயாவது காட்ட வேண்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றாள் லக்ஷ்மிப்ரியா.

“இறந்தவர் கல்யாணம் ஆனவரான்னு ஒரு கேள்வி இருக்கு. சார்தான் பதில் போடணும்.”

ரதீசன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். பெட்டிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் அண்ணி இருந்தாள். அவன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடினான்.

“உள்ளதைப் போடுங்கோ தம்பி,” என்றாள் கலாவதி. “அவர் பட்டியலிலை பொய் எழுதினதில்லை.”

கல்யாணமாகாதவர் என்ற பெட்டியில் அடையாளம் போட்டான்.

“இன்சூரன்ஸுக்குப் பொறுப்பாளர் கையெழுத்து,” என்று லக்ஷ்மிப்ரியா இன்னொரு கட்டை நீட்டினாள். “இந்தக் கடைசிப் பக்கத்துல ஒண்ணு போடுங்க, போதும்.”

“பொறுங்கோ,” என்றான் ரதீசன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திருப்பினான். பதினொரு பக்கம் இருந்தது.

“தம்பி, எனக்குப் பதினொண்டரைக்கு ஷிப்ட்.”

“வாசிச்சிட்டு வைக்கிறன் அண்ணி. கார் இருக்கு, நான் கொண்டுபோய் விடுறன்.”

அவள் கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள்.